காரைக்குடி வழிகாட்டிப் பலகைகள்: மாற்றும் நேரம் வந்துவிட்டது, எப்படி மாற்றச் சொல்லலாம்?

செக்காலைவாசி எழுதியது:

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் போன்ற பக்கத்து ஊர்களும் உள்ளே வந்துவிட்டன. 'நகராட்சி' என்று எழுதிய பலகை, பழைய வார்டு எண் போட்ட தெருப் பலகை என்று பலதும் எப்படியும் மாறியாக வேண்டும். இந்த முறையாவது வழி தெரியாமல் நிற்பவருக்கு உதவுகிற மாதிரி மாற்றச் சொல்லி ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்குத்தான் இந்த இழை.

இன்றைய நிலைமை உங்களுக்கே தெரியும். பல பலகைகளில் ஊர்ப் பெயர் இருக்கிறது, அம்புக்குறி இல்லை. சிவப்பில் போட்ட அம்பு வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. சிலதின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சிலதை வேப்பங்கிளை மூடிவிட்டது. கொப்புடையம்மன் கோயிலுக்கு எப்படிப் போவது, கம்பன் மணிமண்டபம் எந்தப் பக்கம், ஆயிரம் ஜன்னல் வீடு எங்கே என்று பேருந்தை விட்டு இறங்கியவர் ஆட்டோ ஸ்டாண்டில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரர்கள் நன்றாகத்தான் வழி சொல்கிறார்கள், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கேட்பது?

காரைக்குடியோடு நிற்காமல் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசலாம். உங்கள் ஊரில் எங்கே ஆட்கள் தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள்.


கானாடுகாத்தான் கைடு எழுதியது:

நல்ல இழை அண்ணே. நான் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் குழப்பம் 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே தொடங்குகிறது. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்குத்தான் அந்தப் பெயர் என்பது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்கு அது ஒரு ஊர். அதற்கேற்ற மாதிரி காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில் கானாடுகாத்தானை ஒட்டி 'செட்டிநாடு' என்றே ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. காரைக்குடியில் அறை போட்டவர் அங்கே இறங்கிவிட்டு விழிப்பார். கானாடுகாத்தானுக்கு வர வேண்டியவர் காரைக்குடி வரை போய்த் திரும்பி வருவார். அந்த நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு நல்ல பலகை போதும்: நீங்கள் நிற்பது கானாடுகாத்தான், காரைக்குடி இந்தப் பக்கம், பள்ளத்தூர் அந்தப் பக்கம் என்று.

அடுத்தது தெரு அமைப்பு. நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பை வைத்துத் தொடங்கி, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய் அடுத்த தெருவில் பின்வாசலில் முடிகிறவை. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டும். ஆகவே ஒரு தெருவில் நுழைந்தால் முகப்பும் தூணும் சுதைச் சிற்பமும் தெரியும். பக்கத்துத் தெருவில் போனால் பின்வாசலும் கிணற்றடியும். குறுக்குச் சந்தில் நின்றால் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த நீளச் சுவர்தான். நான்கு முனையும் ஒரே மாதிரி. எந்த முனையில் திரும்பினோம் என்று விருந்தினர்களுக்கு நினைவு இருக்காது.

இப்போது பலகைகள் எல்லாம் முகப்புப் பக்கத்தில், பெரிய வீட்டுக்கு எதிரே நிற்கின்றன. அங்கே யாருக்கும் குழப்பமே இல்லை, வீடு கண்ணெதிரே நிற்கிறது. தடுமாறுவது பின்பக்கச் சந்து முனையில். பலகை அங்கேதான் வேண்டும். மனுவில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.


நெட்வொர்க் நண்பன் எழுதியது:

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, மேப் இருக்கிறது. பலகைக்குச் செலவழிக்கும் பணத்தில் ரோட்டைப் போடலாமே? வேண்டுமானால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கியூஆர் குறியீடு ஒட்டிவிட்டால் முடிந்தது.


பழனி பாதயாத்திரை எழுதியது:

தம்பி, போன் எல்லோருக்கும் உதவுவதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள். நானூறு வருடத்துக்கு மேலான வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கம்புணரி, நத்தம் என்று நாள் கணக்கில் நடை. வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே கிளம்புகிறோம். ஒரு கையில் டார்ச், தோளில் பை. இதில் போனை எடுத்துத் தடவிக்கொண்டிருக்க முடியுமா? சார்ஜ் நிற்காது, வயதானவர்களுக்குத் திரை தெரியாது.

எங்களுக்கு வேண்டியது பெரிய பச்சைப் பலகை இல்லை. அது காரில் போகிறவர் கண்ணுக்கு, உயரத்தில் நிற்கிறது. நடக்கிறவருக்கு இடுப்பு உயரத்தில், டார்ச் பட்டால் பளிச்சென்று தெரிகிற மாதிரி, அடுத்த ஊர் எது, எவ்வளவு தூரம் என்று இருந்தால் போதும். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நடந்து வருகிறவர்கள் வருடம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

கியூஆர் ஒட்டுவதில் தப்பில்லை. கோயில் வரலாறு, வீட்டின் வரலாறு அதில் வரட்டும். வலமா இடமா என்பதை மட்டும் பலகையே சொல்லிவிட வேண்டும்.


நெட்வொர்க் நண்பன் எழுதியது:

நடைபயணம் போகிறவர்களை நான் யோசிக்கவில்லை அண்ணே. சரிதான்.


ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் எழுதியது:

நான் நெடுஞ்சாலைப் பணியில் இருந்தவன். மனு எழுதுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலைப் பலகை வேறு, தெருப் பலகை வேறு. சாலைப் பலகைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 67 என்ற விதிநூல் இருக்கிறது. அதன்படிதான் போட முடியும், நம் விருப்பத்துக்கு நிறம் மாற்ற முடியாது. மைல்கல்லுக்கும் அப்படித்தான்: மேல்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தெருப் பலகையில் உள்ளாட்சிக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. நாம் கேட்கக்கூடிய மாற்றங்களில் பெரும்பகுதி இதற்குள்தான் வரும்.

சாலைப் பலகை இரவில் மின்னுவது அதில் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்பு ஷீட்டால். சாதாரண வகையில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் இருக்கும். உயர்ந்த வகையில் நுண்ணிய பட்டகங்கள், அதாவது பிரிசங்கள் இருக்கும். வண்டி விளக்கின் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் இரண்டின் வேலையும், ஆனால் பட்டக வகை பல மடங்கு பிரகாசம், ஆயுளும் அதிகம். அதற்குப் பத்து வருட உத்தரவாதம் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தில் எந்த வகை ஷீட் என்று எழுதாமல் 'பிரதிபலிக்கும் பலகை' என்று மட்டும் எழுதினால் விலை குறைந்ததுதான் வரும். பகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே புதிதாகப் போட்டதும் ஒரு முறை ராத்திரியில் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

சாலை எண்ணை மட்டும் நம்பிப் பலகை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ராமநாதபுரம் போகிற சாலைக்கு முன்பு 210 என்று எண். 2010-ல் நாடு முழுக்க தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றினார்கள். இன்றைக்கும் ஊரில் பெரியவர்களைக் கேட்டால் 210 என்றுதான் சொல்வார்கள். எண் மாறும், ஊர்ப் பெயர் நிற்கும். பெயரைப் பெரிதாகவும் எண்ணைச் சிறிதாகவும் போடுவதுதான் நம் ஆட்களுக்கு ஒத்துவரும்.


தூரிகை எழுதியது:

பெயிண்டில் எழுதி வளர்ந்தவன் நான், இப்போது கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிறேன். எழுத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

தமிழ் ஊர்ப் பெயர்கள் நீளம். நாட்டரசன்கோட்டை, கானாடுகாத்தான், வயிரவன்பட்டி. பலகையின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு பெயரை அதற்குள் திணிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து அமுக்கிவிடுவது ஒரு நிமிட வேலை. அமுக்கினால் 'ன'வும் 'ண'வும் தூரத்தில் ஒன்றாகிவிடும். 'ட்' மேலுள்ள புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையால் எழுதிய காலத்தில் நாங்கள் ஒருபோதும் அமுக்க மாட்டோம், பலகையை நீட்டச் சொல்வோம் அல்லது இரண்டு வரியாகப் பிரிப்போம்.

உயரக் கணக்கும் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் எழுத்து சுமார் 9 மீட்டர் தூரத்தில் படிக்க வரும் என்பது பொதுவான கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 100 மில்லிமீட்டர் எழுத்து போட்டால் படிக்கக் கிடைப்பது மூன்று நொடிதான். இந்தக் கணக்கு இங்கிலீஷ் எழுத்தை வைத்துப் போட்டது. தமிழில் 'கி'க்கு மேலே வளைவு, 'கு'க்குக் கீழே வளைவு. மொத்த உயரத்தை 100 என்று வைத்தால் நடு எழுத்துக்குக் கிடைப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே தமிழுக்கு உயரம் கூடக் கொடுக்க வேண்டும், வரிக்கு வரி இடைவெளியும் கூட வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற பங்கு நம் மாநில விதியில் இருக்கிறதல்லவா? வழிகாட்டிப் பலகையிலும் அந்தக் கண்ணோடு பார்த்தால் தமிழ் தெளிவாக வரும்.

ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாண்டாது.


செக்காலைவாசி எழுதியது:

தூரிகை அண்ணே, அப்படியானால் எதில் போடலாம்? தகரத்தில் பெயிண்ட் அடித்தால் துரு. அலுமினியம் என்றால் திருட்டு.


தூரிகை எழுதியது:

நடக்கிறவர் பார்க்கும் தெருப் பலகைக்கு என் ஓட்டு எனாமலுக்கு. இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைப் பூசி 800 டிகிரி போலச் சூட்டில் சுடுவார்கள். நிறம் கண்ணாடிக்குள் இருப்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. சந்தேகம் இருந்தால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். நம் ஐயா, அப்பத்தா காலத்தில் கப்பலில் வந்த எனாமல் தூக்குவாளியும் அடுக்குப் பாத்திரமும் இன்னும் பச்சையும் நீலமும் குறையாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே அடிபட்டுச் சில்லு பெயர்ந்ததோ அங்கே மட்டும்தான் துரு. அதனால் ஆணி அடிக்கும் ஓட்டையைச் சுடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு துளைபோடக் கூடாது. இரும்பு என்பதால் எடைக்குப் போட்டாலும் பெரிய விலை வராது, திருடன் சீண்ட மாட்டான்.

எனாமல் இருட்டில் மின்னாது. ஆகவே தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டி வைக்க வேண்டும்.


ஆத்தங்குடி மருமகள் எழுதியது:

தரையில் பதிக்கிற நம் ஆத்தங்குடிக் கல்லிலேயே தெருப் பெயரைப் பதித்தால் என்ன? நம் ஊருக்கென்று ஒரு அடையாளமாக இருக்கும், பட்டறைகளுக்கும் வேலை கிடைக்கும்.


கல்லுப் பட்டறை எழுதியது:

ஆசையாகத்தான் இருக்கிறது தங்கச்சி, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாங்கள் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதே கிடையாது. கண்ணாடியில் பட்டு வந்த பளபளப்பு அது, தரையில் கால் படப்பட இன்னும் மெருகேறும். சுவரில் வெயிலும் மழையும் படும்படி வைத்தால் மெருகு போய்ப் பாசி படியும். எழுத்தின் ஓரமும் கூர்மையாக வராது.

கூரைக்கு அடியில், திண்ணைச் சுவர் மாதிரி நிழலான இடத்தில் பலகையைச் சுற்றி ஓரமாக வைக்கலாம், அது அழகாக இருக்கும். பெயரைப் படிக்கிற வேலையை எனாமல் பார்க்கட்டும்.


லண்டன் பேரன் எழுதியது:

அப்பச்சி ஊர் தேவகோட்டை, நான் இருப்பது லண்டன். இங்கே நடப்பவர்களுக்கான வழிகாட்டிப் பலகைகளுக்கு 'லெஜிபிள் லண்டன்' என்று ஒரு ஏற்பாடு, 2007-ல் பாண்ட் ஸ்ட்ரீட் பக்கம் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு நகரமெங்கும் பரவியது. அதில் இரண்டு விஷயம் நமக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது.

பலகையில் இருக்கிற வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்காது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்களோ அது மேலே. உங்கள் முன்னால் கோயில் இருந்தால் படத்திலும் மேலே கோயில். கானாடுகாத்தான் கைடு சொன்ன நான்கு முனையும் ஒரே மாதிரியான இடத்துக்கு இது மிகவும் உதவும். தலையைத் திருப்பிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, படத்தில் ஐந்து நிமிட நடைக்கு ஒரு வட்டம், பதினைந்து நிமிட நடைக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து நடந்துவிடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் நிறைய. காரைக்குடியிலும் ஐந்து விளக்குப் பகுதியிலிருந்து கல்லுக்கட்டிப் பகுதிக்கும் கொப்புடையம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம் என்று பலகை சொன்னால் வண்டி நெரிசல் கொஞ்சம் குறையும். நம் வெயிலுக்கு நிமிடக் கணக்கை மட்டும் தாராளமாக வைக்க வேண்டும், நிழலான தெரு எது என்றும் காட்டலாம்.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

எல்லோரும் அக்கறையாக எழுதுகிறீர்கள், சந்தோஷம். வீட்டுக்காரர்கள் பக்கத்தையும் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது நானும் என் கணவரும் ஒரு காவல்காரரும்தான். பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் கோலாலம்பூரிலும். தெரு முனையில் யாரோ ஆர்வத்தில் எங்கள் வீட்டைக் காட்டி அம்புபோட்டு ஒரு தகரத்தை மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து தினமும் ஆட்கள் வாசலில். செருப்போடு திண்ணையில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். 'உள்ளே பார்க்கணும், டிக்கெட் எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன செய்ய, பலகை வரச் சொன்னது, வந்தார்கள்.

வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். சிலதைப் பார்க்கக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், சிலது விடுதி ஆகிவிட்டது. மற்றது எல்லாம் குடும்பம் இருக்கும் வீடு. கானாடுகாத்தான் அரண்மனையே தனியார் வீடுதான். வீட்டுக்காரர்கள் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் எந்த வீட்டுக்கும் அம்பு போடக் கூடாது. போட்டால் அதிலேயே 'வெளியிலிருந்து மட்டும்' என்றோ 'உள்ளே பார்க்கலாம்' என்றோ எழுதிவிட வேண்டும்.


கானாடுகாத்தான் கைடு எழுதியது:

ஆச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் தொழிலே வீட்டைக் காட்டுவது, அப்படியிருந்தும் சொல்கிறேன், அம்பு பொது இடத்துக்குத்தான் போட வேண்டும். ஊருணி, சிவன் கோயில், பெருமாள் கோயில், பேருந்து நிறுத்தம், கழிவறை, தண்ணீர். இந்த ஆறும் தெரிந்தால் வருகிறவர் தொலைய மாட்டார். ஊருணியை ஒட்டியே ஊர் அமைந்திருப்பதால் எந்த முனையிலும் 'ஊருணி' என்று ஒரு அம்பு இருந்தாலே பாதி வழி தெரிந்த மாதிரி.

வீடுகளை நாம் விலாசத்தை வைத்துத்தானே சொல்கிறோம், மூன்று நான்கு இனிஷியலில். படைப்புக்கு வரும் பங்காளிக்கு அது போதும், அவர் அதைச் சொன்னால் ஊரில் யாரும் வழிகாட்டுவார்கள். அதைப் பலகையில் ஏற்ற வேண்டியதில்லை.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கழிவறை என்று எழுதினீர்களே தம்பி, உங்களுக்குப் புண்ணியம். பெண்கள் எத்தனை பேர் அதைக் கேட்டுத்தான் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள் தெரியுமா? அவர்களை மட்டும் நான் திருப்பி அனுப்புவதில்லை.


மகர்நோன்புப் பொட்டல் எழுதியது:

அவசரப்பட்டு எனாமலில் சுட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயரை எடுப்பது தொடர்பாக 2025 அக்டோபரில் அரசாணை வந்திருக்கிறது. நம் பக்கம் எத்தனை தெருப் பெயர் அதில் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெயர் உறுதியாகாத தெருவுக்கு ஐம்பது வருடம் நிற்கிற பலகையைச் செய்துவிட்டு அடுத்த வருடமே கழற்றக் கூடாது. கோயில், ஊருணி, சந்தை, நிலையம் போன்ற மாறாத பெயர்களை முதலில் போடலாம். தெருப் பெயர் இரண்டாவது கட்டம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றி ஒரு அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ரயில் நிலையத்தில் ஒரு மாதிரி, பேருந்தில் ஒரு மாதிரி, பலகையில் ஒரு மாதிரி என்று இல்லாமல் ஒன்றை எடுத்து எல்லா இடத்திலும் அதையே போட்டால் போதும்.


வரலாறு வாத்தியார் எழுதியது:

படிக்கத் தெரியாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (காதம் என்பது அந்தக் காலத் தூர அளவு) என்று வெட்டியிருக்கிறார்கள், 13-ஆம் நூற்றாண்டு. எழுத்து தெரியாத வழிப்போக்கருக்காக அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சின்னக் குழிகளும் போட்டிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. தொட்டுப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும், பார்வை இல்லாதவரும்.

அந்த அக்கறை இப்போதும் வேண்டும். கோயில், ஊருணி, பேருந்து, மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வட்டாரம் முழுக்க அதே படம். பேருந்து நிலையத்தில் மட்டுமாவது கை எட்டும் உயரத்தில் பிரெய்ல்.


ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் எழுதியது:

பராமரிப்பை மறந்துவிட்டீர்கள். ஒரு சந்திப்பில் நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி அல்லது பேரூராட்சி, கோயில் நிர்வாகம், சுற்றுலாத் துறை என்று நாலு பேர் நாலு கம்பம் நட்டிருப்பார்கள். திருமயம், ராயவரம், அரிமளம் பக்கம் போனால் மாவட்டமே மாறி புதுக்கோட்டை வந்துவிடுகிறது. ஒன்று சாய்ந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொரு பலகையின் பின்புறமும் ஒரு எண், பொறுப்பான அலுவலகம், வைத்த மாதமும் வருடமும் எழுதியிருக்க வேண்டும். அந்த எண்களின் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மழை முடிந்த தை மாதத்தில், கிளை வெட்டி, போஸ்டரைச் சுரண்டி, துடைப்பதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். புதிய பலகை வந்த அன்றே பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட வேண்டும், இரண்டும் நின்றால் இரண்டு வழி சொல்லும்.

எண்ணிக்கையைக் குறைத்துக் கேளுங்கள். நூறு சுமாரான பலகையை விட, சரியான முனையில் முப்பது நல்ல பலகை போதும்.


செக்காலைவாசி எழுதியது:

மனுவை எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பத்தியில் கானாடுகாத்தான் கைடு சொன்ன சந்து முனை. அதை அடுத்து ஆச்சி சொன்ன சம்மதம், இது இல்லாமல் மனு போகாது. பாதயாத்திரைப் பலகை வேறு துறை என்பதால் தனி மனு.

ஒரு உதவி வேண்டும். உங்கள் தெருவில் வெளியூர்க்காரர்கள் நின்று நான்கு பக்கமும் பார்க்கிற முனை எது என்று எழுதுங்கள். பெட்டிக்கடைக்காரர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள், வழி கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். முனையின் படமும் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணும் சேர்த்துப் போட்டால் வரைபடத்தில் குறித்து மனுவோடு இணைத்துவிடுவேன். ஊராட்சியில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.


ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் எழுதியது:

சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலே நிற்கிற பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் குறையக் கூடாது, தலையில் இடிக்கும். பாதயாத்திரைக்காரர் கேட்ட இடுப்பு உயரப் பலகையை மைல்கல் மாதிரி நடைபாதையை விட்டுத் தள்ளித் தனியாக நட வேண்டும்.


கல்லுக்கட்டி கடை எழுதியது:

எங்கள் கடை முனையின் படத்தை இன்று சாயங்காலம் போடுகிறேன். கம்பத்து எண் பாதி அழிந்திருக்கிறது, லைன்மேன் வரும்போது கேட்டு எழுதுகிறேன்.